மாமா துபாயில் இருந்த நாட்கள்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சில வாரங்கள் துபாயில் இருந்தார். பாஸ்போர்ட் எடுக்கவில்லை, விமானம் ஏறவில்லை. மஞ்சள்காமாலையில் இறந்த பிறகுதான் போனார். போனதாக நம்பியவன் நான் ஒருவன்தான். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றை அறையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடைகளில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எங்களோடு தங்கியிருந்த மாமா, நகருக்கு வெளியே கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிகளில் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்தார். ஒரு நாள் மஞ்சள் கண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை. என்னைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் விட்டுவிட்டு அம்மாவும் அப்பாவும் ஊருக்குப் போனார்கள். மாமா இல்லாமல் இரண்டு பேராகத் திரும்பி வந்தார்கள்.

மாமா எங்கே என்று கேட்டேன். சேச்சியின் மகன் அப்போது வாசலில் ரிமோட் கார் விட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பா கல்ஃபிலிருந்து கொடுத்துவிட்டது. அம்மா அந்தக் காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமா துபாய்க்குப் போயிருக்கான் மக்கா."

திருவனந்தபுரத்தில் இதைவிட நம்பும்படியான பொய் கிடையாது. எங்கள் சந்தில் பாதி வீடுகளின் ஆண்கள் அங்கேதான் இருந்தார்கள். காணாமல் போவார்கள், சாக்லேட்டோடும் சென்ட் பாட்டிலோடும் திரும்பி வருவார்கள். எனக்கு வருத்தமே இல்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு கல்ஃப்காரர் கிடைத்துவிட்ட பெருமைதான். மாமாவின் சட்டைகள் கொடியில் அப்படியே தொங்கின. அங்கே புதுச் சட்டை கொடுப்பார்கள் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். கூரைக்கு மேலே விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கையசைத்தேன்.

அம்மாவும் என்னோடு சேர்ந்துகொண்டாள். சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே, "அங்க அவனுக்குச் சோறு கிடைக்குமா மக்கா? வெறும் ரொட்டியா இருக்குமோ?" என்பாள்.

"மீனும் கிடைக்கும்மா. கடல் இருக்குல்லா."

"வெயிலு கொல்லுமாமே."

"ஏசி இருக்கும்மா!"

அம்மா சமாதானமாகிவிடுவாள். அப்பா மட்டும் இந்தப் பேச்சு தொடங்கினால் பீடியோடு வெளியே போய்விடுவார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், வீட்டில் உள்ளவர்களை வரையச் சொன்னார் டீச்சர். நான் ஒரு விமானம் வரைந்து, அதன் ஜன்னலில் மாமாவின் மீசையை வைத்தேன். டீச்சர் அதை வெகுநேரம் பார்த்தார். மாமா இறந்ததை அப்பா அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் அது தெரியாது. மறுநாள் அம்மாவை வரவழைத்து, மலையாளத்தில் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாலும் பேச்சு காதில் விழுந்தது.

"எனக்கு வாசிக்க அறியாது டீச்சர். தமிழே அறியாது, பொறவு மலையாளம் எங்க?"

"வாசிக்க வேண்டா. படம் காட்டிப் பறஞ்சா மதி," என்றார் டீச்சர். படத்தைக் காட்டிச் சொன்னாலே போதுமாம். "அவன் காத்திருக்கும். பாவமல்லே?"

அன்று சாயங்காலம் அம்மா புத்தகத்தை மடியில் விரித்தாள். ஒரு குளம், ஒரு தவளை, ஒரு கிழக் கொக்கு. இரண்டும் சிநேகிதர்கள்.

"கொக்கு தவளையத் தின்னும்லா? பொறவு எப்படி கூட்டு?"

"கதைல அப்படித்தான். சும்மா கேளுலே."

படத்தைப் பார்த்துப் பார்த்து அம்மா தானாகவே கதை கட்டினாள். நன்றாகவே இருந்தது. கொக்கு புல்லில் சாய்ந்து கிடக்கும் பக்கம் வந்தது. தவளை அதன் இறக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் குரல் நின்றது.

"கொக்கு... கொக்கு ஒறங்குது."

அந்த வருடம்தான் எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்திருந்தது. எங்கள் குடும்பத்தில் எந்த மொழியையும் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தத் திமிரும் எனக்கு நிறைய உண்டு.

"தப்பாச் சொல்லுதம்மா. ஒறங்கலன்னு எழுதியிருக்கு." விரல் வைத்துப் படித்து, அவளுக்காகத் தமிழில் சொன்னேன். "கொக்கு செத்துப் போச்சு. அதுக்கு இனி பசிக்காது. குளிராது. அது எங்கயும் போகல. திரும்பி வராது."

படித்து முடித்துவிட்டு, பாராட்டு வரும் என்று நிமிர்ந்தேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பாக வந்தது.

"அது கொக்கும்மா. நீ எதுக்கு அழுவுத?"

அம்மா புத்தகத்தை மூடப் போனாள். மூடவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாமாவும் அப்படித்தான் மக்கா. துபாய்க்குப் போகல."

"பொறவு எங்க போனாரு?"

"எங்கயும் போகல."

நான் அழுதேன். அதில் பாதி, வராமல் போன ரிமோட் காருக்காகவும்தான்.

அப்பா வேலை முடிந்து வந்தபோது, வாசலிலேயே அம்மா சொன்னாள். "சொல்லிட்டேன்."

அப்பா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லதாப் போச்சு. இனி பய வானத்தப் பாத்து நிக்க மாட்டான்."

"ம்," என்றாள் அம்மா. "இனி துபாய்ல நமக்கு யாரும் இல்ல."

அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்களில், கீரை ஆயும்போது அம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

அடுத்த வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். யார் வாசித்தது என்று டீச்சர் கேட்டார். நான்தான், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் என்றேன். அம்மா தப்பாகச் சொன்னதையும் நான் திருத்தியதையும் விவரித்தேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அதிகம் பேசுவதில்லை என்றேன். டீச்சர் புத்தகத்தை வாங்கிக்கொள்ளவில்லை. என் பையைத் திறந்து, அதை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் மோனே, தினமும் அம்மாவுக்கு வாசித்துக் கொடு என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஓர் எழுத்துகூடத் தவறாமல் படித்தவனை மறுபடி படிக்கச் சொன்னால்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டேன். எனக்காக டீச்சரிடம் சண்டைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, "செரி, படி," என்றாள்.

என் வாசிப்பில் டீச்சர் குறை கண்டுவிட்டார் என்ற ரோஷத்தில், சந்து முனை வரைக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.