ஆயிரம் ரூபாய்ப் பாலம்

எங்கள் பிழைப்பு நடந்ததே மூடிய ரயில்வே கேட்டால்தான். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் லாரிகள் போய்வரும் ஒரு ரோட்டில், தண்டவாளத்தை ஒட்டி, நானும் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருந்தோம். விஜயவாடா பக்கம் போகிற எக்ஸ்பிரஸ், சூலூர்பேட்டை பாசஞ்சர், நிலக்கரி ஏற்றின கூட்ஸ் என்று ஒன்று போனால் இன்னொன்று வரும். கேட் கீழே இறங்கினால் எங்கள் அடுப்பில் பால் மேலே எழும்பும். கம்பி ஏற்றின லாரிக்காரர்கள், கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிற ஷிப்டு ஆட்கள், ஆடி மாதம் வந்தால் பெரியபாளையத்துக்கு மஞ்சள் புடவையோடு வேனில் போகிற பெண்கள், எல்லாரும் இறங்கி ஒரு டீ குடிப்பார்கள். கேட் சீக்கிரம் திறந்துவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இன்னாய்யா உனுக்கு அவ்ளோ அவசரம்?" என்று கேட் கீப்பரைத் திட்டியிருக்கிறேன். அவருக்கு எங்கள் கடையில் டீ இலவசம் என்பதால் சிரித்துக்கொள்வார்.

கடை நின்ற இடம் யாருடையது என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. ரயில்வே இடம் என்பார் ஒருவர், ஹைவேஸ் இடம் என்பார் இன்னொருவர். பஞ்சாயத்திலிருந்து ஒருவர் வந்து மாதாமாதம் பணம் வாங்கிப் போனார். பணம் வாங்குகிறவருடைய இடம்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். கேட்டுக்கு மேலே பாலம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. கம்பெனிக்காரர்கள் மனு கொடுத்தார்கள், ஊர்க்காரர்களும் கொடுத்தார்கள். நியாயம் தெரியாதவள் இல்லை நான். பிள்ளை வலி கண்ட ஒரு பெண் ஆட்டோவில் அந்த கேட்டுக்கு முன்னால் துடித்துக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். பாலம் வேண்டும்தான். ஆனால் பாலம் வந்தால் ஒரு வண்டியும் நிற்காது. வண்டி நிற்காத இடத்தில் டீயை யார் குடிப்பார்கள்? எங்கள் அடுப்பின் மேலேயே தூண் வந்து உட்காரும் என்று வேறு சொன்னார்கள்.

அந்த சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூம் காலியானது. ரூமின் சொந்தக்காரர் எங்கள் டீக்கு அடிமை. "பாயம்மா, உங்களுக்கோசரம் கொஞ்ச நாள் வச்சிருக்கேன். யோசிச்சி சொல்லுங்க," என்றார். சின்ன ரூம்தான், ஆனால் சிமெண்டுத் தரை, ஷட்டர் எல்லாம் இருந்தது. வாடகைதான் எங்களுக்குக் கொஞ்சம் கனம். நான் எடுத்துவிடலாம் என்றேன். வீட்டுக்காரர், பாலம் வருமா வராதா என்று தெரியட்டும் என்றார். ஆக, எங்கள் வாழ்க்கை அந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாலம் உண்டா, இல்லையா?

பதிலைக் கொண்டுவந்தவர் ரோலிங் மில் சூப்பர்வைசர். தினமும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பது அவர் வழக்கம். ரயில்வே பட்ஜெட் டெல்லியில் வாசித்து முடித்துச் சில நாள் கழித்து, ஒரு காலையில் பேப்பரை விரித்தவர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"பாய்! உன் கடைக்கு ஆயுசு கெட்டி! நம்ம கேட்டு பாலத்துக்கு எவ்ளோ ஒதுக்கிக்கிறான் தெரியுமா? ஆயிரம் ரூபா!"

"ஆயிரம் கோடியா?" என்றார் வீட்டுக்காரர், பால் ஆற்றுவதை நிறுத்திவிட்டு.

"கோடியும் இல்ல, லட்சமும் இல்ல. வெறும் ஆயிரம். நம்ம மில்லுல செக்யூரிட்டி ரூமுக்கு வெள்ளை அடிக்கவே அது பத்தாது!"

கடையே சிரித்தது. ஒரு லாரி டிரைவர் சட்டைப் பையைத் தட்டி, "நான் ரெண்டாயிரம் தரேன், ரெண்டு பாலமா கட்டச் சொல்லு," என்றார். வீட்டுக்காரர் அன்றைக்குச் சந்தோஷத்தில் சர்க்கரையைக் கூடுதலாகவே போட்டுவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை பெரிய அரசாங்கம், எல்லாரும் பார்க்கிற புத்தகத்தில், ஆயிரம் ரூபாய் என்று எதற்கு எழுதும்? தரமாட்டேன் என்றால் ஒன்றுமே எழுதாமல் விட்டிருக்கலாமே. பைத்தியமா அவர்களுக்கு? கேட்டால், "மனுவுக்கு ஒரு பதில் சொல்லணுமேன்னு எழுதிக்கிறான் பாயம்மா," என்றார் சூப்பர்வைசர். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் மனசு ஒட்டவில்லை.

"இன்னும் பார்லிமெண்டு ஓகே சொல்லல," என்று அவரே இன்னொரு நாள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பட்ஜெட் வாசித்துவிட்டால் மட்டும் போதாதாம். ஒவ்வொரு செலவையும் மானியக் கோரிக்கை என்று சபையில் வைத்து, எம்.பி.க்கள் ஓட்டுப் போட்ட பிறகுதான் கஜானாவில் கை வைக்க முடியுமாம். அன்றைக்கு டிவியில் காட்டுவார்கள் என்றார். கிரிக்கெட்டுக்காக நாங்கள் வாங்கி வைத்திருந்த சின்ன டிவியில் அதைப் போட்டுவிட்டு நான் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் கேட்டின் பேர் வரும், யாராவது எழுந்து வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ சொல்வார்கள், அதோடு விஷயம் தெரிந்துபோகும் என்று நினைத்தேன்.

யா அல்லா, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது! பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். ஒருவர் தன் ஊரில் ரயில் நிற்கவில்லை என்று கத்தினார், ஒருவர் ரயிலில் கொடுக்கிற சாப்பாட்டைத் திட்டினார், நாலு பேர் எதற்கென்றே தெரியாமல் எழுந்து நின்றார்கள். சூப்பர்வைசர் தனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "வெட்டுத் தீர்மானமாம். நூறு ரூபா வெட்டணும்ன்றாங்க," என்றார்.

"எதுல?" என்றேன்.

"ரயில்வே கேட்ட தொகையில."

நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். "அப்ப நம்ம பாலத்துக்குத் தொள்ளாயிரம்தானா?"

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் டீ கிளாஸ் கை நழுவியது. ஆனால் எனக்கு விளக்கம் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. கோடிக்கணக்கில் செலவு கேட்கிறார்கள், எதிர்க்கிறவர் அதில் நூறு ரூபாயைக் குறை என்கிறார். இது சண்டையா, விளையாட்டா? மந்திரி எழுந்து ரொம்ப நேரம் பேசினார். பிறகு தலைவர் நாற்காலியில் இருந்தவர் எதையோ மளமளவென்று வாசித்தார். ஆமாம் என்று பெரிய கூச்சல், இல்லை என்று சின்ன முனகல். முடிந்துவிட்டது.

"இன்னா ஆச்சி?"

"நூறு ரூபா வெட்டு தோத்துப் போச்சி. எல்லாத்தையும் மொத்தமா பாஸ் பண்ட்டாங்கோ."

"நம்ம கேட்டு பேரே வர்லியே!"

"மொத்தத்துல அதுவும் இருக்கு பாயம்மா. முழு ஆயிரமும் கெடச்சிச்சி, சந்தோசமா?"

கத்திரிக்காய் வாங்கும்போதுகூட நாங்கள் அதைவிட அதிக நேரம் பேசுவோம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல உட்கார்ந்திருந்தேன். ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. சபையே கூடி, ஓட்டும் போட்டு, ஆயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஏறவில்லை. ஆயிரம் ரூபாயில் பாலம் கட்ட முடியாது. அது எனக்கும் தெரியும், எம்.பி.க்குத் தெரியாதா? அந்த வாரமே ரூம்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு வந்தது நான்தான். அவர் அதை ஒரு செல்போன் ரீசார்ஜ் கடைக்கு விட்டார்.

அடுத்த பொங்கல் முடிந்து ஒரு மத்தியானம், ரயில்வே ஜீப்பில் ஒரு இன்ஜினியர் வந்து இறங்கினார். கூட டேப்பு பிடிக்க ஆட்கள். எங்கள் கடைக்கு இந்தப் பக்கம் அளந்தார்கள், அந்தப் பக்கம் அளந்தார்கள், கடைசியில் எங்கள் பெஞ்சுக்குக் கீழே சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். டீயைக் கொண்டுபோய் நீட்டி, "இன்னா சார் இது?" என்று கேட்டேன்.

"பாலம் வரப் போவுதும்மா. இந்த இடத்த சீக்கிரம் காலி பண்ணிக் குடுத்துடுங்க."

"ஆயிரம் ரூபாயிலயா?"

அவர் சிரித்தார். நல்ல மனுஷன்தான், கிண்டலாகச் சிரிக்கவில்லை. "அது பாலம் கட்ற பணம் இல்லம்மா. சபை ஒத்துக்காத வேலைக்கு நாங்க ஒரு பைசா எடுக்க முடியாது. அதனால பேருக்கு ஒரு தொகையப் போட்டு வேலைய உள்ள சேத்துடுவாங்க. உள்ள வந்துட்டா, வேற வேலையில மிச்சமாவற பணத்த இதுக்கு மாத்திக்கலாம். இப்ப வேற ஒரு ஊர்ல நிலம் கெடைக்காம வேலை நின்னு போச்சு. அந்தப் பணத்த மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள செலவு பண்ணலன்னா கைய விட்டுப் போய்டும். அதான் எங்களப் புடிச்சித் துரத்தறாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அச்சாரம்! பழவேற்காட்டில் என் வாப்பா இறால் வியாபாரி. படகு கடலுக்குப் போகும் முன்பே படகுக்காரர் கையில் ஒரு சின்னத் தொகையைத் திணித்துவிடுவார். அது இறாலின் விலை இல்லை. வரப்போகிற சரக்கு இனிமேல் எங்களுடையது, வேறு யாரும் கிட்டே வரக் கூடாது என்று அர்த்தம். அந்தத் தொகையைப் பார்த்து சிரித்த ஆளை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நான், அதையே டெல்லியில் செய்தபோது விரலை மடக்கித் தொள்ளாயிரம் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். அந்த நூறு ரூபாய் வெட்டும் எதிர்ப்பைக் காட்டப் பேருக்குச் சொல்கிற தொகைதானாம், அதையும் இன்ஜினியரே சொன்னார். என்மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பஞ்சாயத்துக்கு ஓடினோம். அது பஞ்சாயத்து இடமே இல்லை, வெறும் சந்தைக் கட்டணம்தான் வாங்கினோம் என்றார்கள். தாலுகா ஆபீசில் ரயில்வேயைக் கேள் என்றார்கள். ரயில்வேயில், டெல்லியில் முடிவான விஷயம் என்றார்கள். டெல்லியில் யாரைப் போய்க் கேட்பது? டிவியில் ஆமாம் என்று கூச்சல் போட்ட அத்தனை பேரில் யார் என் கடைக்கு ஆமாம் சொன்னது? பட்டா இல்லாததால் நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. ஜேசிபி வந்த அன்று வீட்டுக்காரர் பாய்லரையும் பெஞ்சையும் ரோட்டோரம் எடுத்து வைத்துவிட்டு, அதே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வாய்விட்டு அழுதேன். கூரை ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கேட்டில் நின்றிருந்த லாரிக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை அதற்குள் எங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

அதற்கப்புறம் வேலை நடக்கும் என்று பார்த்தால், ஒன்றையும் காணோம். தரையைச் சமன் செய்து, கம்பி வேலி போட்டு, போர்டு நட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மழைக்காலம் வந்து போனது. வேலிக்குள் புல் முளைத்தது. கேட் வழக்கம்போல மூடியது, வண்டிகள் வழக்கம்போல நின்றன. வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார், ஸ்டீல் கேனில் டீயை ஊற்றிக்கொண்டு, நின்ற வண்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் பேப்பர் கப்பில் விற்க ஆரம்பித்தோம். ரயில்வே பாதுகாப்புப் படைக்காரர்கள் வந்தால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடவேண்டும். சூப்பர்வைசர் பஸ்ஸிலிருந்து கை நீட்டி டீ வாங்குவார், பேப்பர் செய்தி எதுவும் சொல்ல மாட்டார்.

ஒருநாள் கேட் மூடியிருந்தபோது ஒரு ஜீப்பிலிருந்து வயசான அதிகாரி ஒருவர் இறங்கி, வேலியைத் தாண்டிப் போய் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீ கேட்டார். நானும் வீட்டுக்காரரும் போனோம்.

"பாலம் எப்ப சார் வரும்?" என்றேன்.

"இப்போதைக்கு வராதும்மா. தண்டவாளத்துக்கு மேலதான் எங்க வேலை. ரெண்டு பக்கமும் ஏறி எறங்கற ரோடு மாநில அரசு போடணும். அதுக்கு இன்னொரு சபை, இன்னொரு பட்ஜெட். அவங்க இன்னும் ஒதுக்கல. அதனால எங்க பணத்த வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

ஒரு பாலத்துக்கு இரண்டு சபையா? "அப்ப இங்க வேல எதுவுமே நடக்கலியா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாது. இங்க ஒரு டீக்கடை இருந்திச்சாம், அத எடுத்து எடத்த சுத்தம் பண்ணதுக்கு செலவு ஆயிருக்கு. அது மட்டும் முடிஞ்ச வேலை."

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கேட்டுவிட்டேன்.

"பாலந்தான் வர்லியே சார். அந்த டீக்கடை எங்க கடைதான். திரும்ப அங்கியே போட்டுக்கலாமா?"

அவர் சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எப்படிம்மா? இது பாலத்துக்குன்னு ஒதுக்கின எடமாச்சே."

கேட் திறந்தது. அவசரமாக டீயைக் குடித்து முடித்து, கப்பைக் கீழே போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். எங்கள் அடுப்பு இருந்த இடத்தில் கிடந்த அந்தக் கப்பை வீட்டுக்காரர் குனிந்து எடுத்தார்.