தமிழில் கேட்டால் பத்து டொலர்

மாமாவுக்கு விருது கிடைத்த செய்தியைக் கேட்டதும் அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில், ஒரு கார் நிறுத்துமிடத்தில் சனிக்கிழமைகளில் கூடும் சந்தையில் மாமா இடியப்பக் கொத்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காரர் தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய், நகரத்தின் சிறந்த தெருவோர நூடில்ஸ் இதுதான் என்று எழுதி, ஒரு கண்ணாடிக் கேடயமும் அனுப்பிவைத்திருந்தார்.

“இடியப்பத்தைப் போய் நூடில்ஸ் எண்டு எழுதியிருக்கிறான்,” என்றார் அம்மா.

“என்னவெண்டாலும் எழுதட்டும் அக்கா. நல்லாயிருக்கெண்டு சொன்னானே, அது காணும்,” என்று மாமா கேடயத்தை முட்டைத் தட்டுகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

மாமா அம்மாவின் தம்பி. வாரநாட்களில் ஒரு கோழித் தொழிற்சாலையின் குளிரறையில் வேலை. வலது தோளை உயர்த்தும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து எங்கள் குசினியில் இடியப்பம் பிழிவார். மறுநாள் அதே தோளோடு இரண்டு தகடுகளைப் பிடித்து, சூடான இரும்புத் தட்டில் நாள் முழுக்கக் கொத்துவார். கடை நன்றாகப் போனால் கோழி வேலையை விட்டுவிடலாம் என்பது அவருடைய ஆசை. பத்து டொலருக்கு விற்று அது நடக்கிற காரியமில்லை. விருது வந்ததும் அம்மாதான் துணிச்சல் கொடுத்தார். போர்டில் இருந்த பத்தை அழித்துப் பதினாறு என்று எழுதினோம். அப்போது எனக்குப் பத்து வயது. முன்னால் நின்று காசு வாங்கிப் போடுவது என் பொறுப்பு.

வெள்ளைக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்கள். எங்கள் ஆட்களுக்குத்தான் நெஞ்சடைத்தது.

“இடியப்பத்துக்குப் பதினாறு டொலரோ? வீட்டில அவிச்சா ரெண்டு டொலரும் வராது,” என்றார் பெரிய காரில் வந்து இறங்கிய ஓர் அன்ரி. இரண்டு கடை தள்ளி இருபது டொலருக்குப் பிள்ளைகளுக்கு வாங்கிய பாஸ்ரா அவர் கையிலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது. விருது கிடைத்ததும் ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று இன்னொருவர் மாமாவின் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு யாரோடும் முகம் முறித்துப் பேச வராது. அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு புதுச் சட்டம் சொன்னார். தமிழில் கேட்பவர்களுக்குப் பழைய விலை.

“வாறதில முக்கால்வாசி எங்கட சனம். பிறகு ஆருக்கடா பதினாறு எண்டு எழுதி வைச்சிருக்கிறாய்?” என்று அம்மா பிடித்துக்கொண்டார்.

“எங்கட சனத்திட்ட எப்பிடியக்கா வாங்கிறது?”

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைகள் எல்லாம், பெற்றோர் முதுகில் கைவைத்துத் தள்ள, “ஒரு கொத்து தாங்கோ” என்று திக்கித் திக்கிச் சொன்னார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் முடியாததை ஆறு டொலர் செய்து முடித்தது. பக்கத்தில் பூச்செடி விற்ற வெள்ளைக்காரக் கிழவியும் அந்த மூன்று சொல்லைப் பழகிக்கொண்டு வந்து கேட்க, மாமா பூரித்துப்போய் ஒரு முட்டை கூடுதலாக உடைத்துப் போட்டார். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஒரே ஒருவர்தான் இந்த விளையாட்டுக்குள் வரவில்லை. செம்மஞ்சள் நிறப் பாதுகாப்பு அங்கியோடு, கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து நேரே சந்தைக்கு வரும் ஓர் அங்கிள். அகதியாகப் படகில் வந்தவர். வீசா நீளுமா முடியுமா என்பது அவருக்கே தெரியாது. ஆங்கிலம் சுத்தமாக வராது. போனில் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் போனையே மாமாவிடம் நீட்டிவிடுவார். அப்படிப்பட்டவர் புதுச் சட்டம் வந்த பிறகு என் முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, “வன் கொத்து, பிளீஸ்,” என்றார்.

பாவம், அவருக்கு விஷயம் தெரியாதாக்கும் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, “அங்கிள், தமிழில கேட்டாப் பத்து,” என்றேன்.

“நோ, நோ. சிக்ஸ்ரீன்,” என்று காசை நீட்டினார். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, “என்னண்ணை, தோள்மூட்டு இன்னும் நோகுதோ?” என்று தமிழில் கேட்டார். மாமா குனிந்தபடியே தகடுகளை ஓங்கி ஓங்கிக் கொத்தினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இதேதான். நான் வீட்டில் அவரைப் போல நடித்துக் காட்டினேன். அம்மா “காணும், நிப்பாட்டு” என்று அதட்டினார். ஏன் என்று விளங்கவில்லை.

குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே கடை முடிந்தது. மாமாவின் தோள் தசை கிழிந்துவிட்டது, இனிக் கொத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கோழித் தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

போன மாதம் நகருக்குள் புதிதாகத் திறந்த ஒரு கடையில் இருபத்தெட்டு டொலர் கொடுத்து இடியப்பக் கொத்து வாங்கினேன். வரிசையில் பாதிப்பேர் எங்கள் சனம். விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தட்டைப் படம் எடுத்துக்கொண்டார்கள். மாமா போடுவதில் பாதி ருசிகூட இல்லை. மாமாவிடம் மட்டும் அந்த ஆறு டொலரைப் பிடித்துக்கொண்டோமே என்ற நினைப்பில் அரைவாசியில் எழுந்து வந்துவிட்டேன்.

மாமா கடை போட்ட கடைசிச் சனிக்கிழமையும் அந்த அங்கிள் வந்தார். தமிழில் கேட்டுவிட்டு முழுக் காசை நீட்டியிருந்தால் மாமா ஆறு டொலரைத் திருப்பி அவர் சட்டைப் பையில் திணித்திருப்பார். அதனால்தான் அந்த மனிதர் தெரியாத பாஷையில் கேட்டார் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை. அன்றைக்கும் “வன் கொத்து, பிளீஸ்” என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரி, “அங்கிள், உங்கட இங்கிலிஷ் இப்ப நல்லா வந்திட்டுது,” என்று பாராட்டினேன்.

“ஓம் பிள்ளை, உங்கட கடையிலதான் பழகினனான்,” என்றார் அவர்.

எனக்குப் பெருமையாக இருந்தது.