கால்வாய்க் கரையில் அவள் சைக்கிள்

எங்கள் பக்கத்து நிலம் தோசைக்கல் மாதிரி தட்டை. குன்றத்தூர் மலையையும் அங்கங்கே நிற்கும் ஒன்றிரண்டு பாறைக் குன்றுகளையும் விட்டுவிட்டால், ஒரகடத்தைச் சுற்றி எந்தத் திசையில் சைக்கிளை விட்டாலும் மூச்சு வாங்க வைக்கும் மேடு கிடையாது. இதை யோசிக்காமல் நான் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை ஆசையாக வாங்கிவந்து வாசலில் நிறுத்தினேன். என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு இவ்ளோ கியரு? இங்க இன்னா மலையா கீது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் ஓட்டியது அவளுடைய அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கேரியர், அவ்வளவுதான். என் சைக்கிளில் செயின் கழன்றபோதெல்லாம் அவள் பின்னால் நின்று, தலையில் அடித்துக்கொண்டு, கூடையிலிருந்து கடலை எடுத்துத் தின்பாள்.

அவள் எனக்கு மனைவி ஆவதற்கு முன், கம்பெனியில் ஒரு வரிசை ஆட்களை வேலை வாங்கும் லைன் லீடர். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டான். டிப்ளமோ முடித்து, சின்ன அறையொன்றில் கூட்டமாகத் தங்கி, டிரெய்னியாகச் சேர்ந்தபோது எனக்கு முதல் நாள் வேலை சொன்னவள் இவள்தான். அவளுக்கு இங்கே பக்கத்திலேயே வடக்குப்பட்டில் விவசாயக் குடும்பம். வீட்டிலிருந்து முதன்முதலில் கம்பெனிக்குப் போன பெண். அந்த சீனியாரிட்டியில் இன்றுவரை எனக்கு 'வாங்க, போங்க' மரியாதை கிடைத்ததில்லை. பிறகு நான் வேறு கம்பெனிக்கு மாறி குவாலிட்டியில் சேர்ந்துவிட்டேன். அவள் அதே லைனில், ஒரு லைன் நிறையப் பெண்களை மேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். வீட்டில் சாம்பார் பாத்திரங்களைக்கூட லைனில் வைப்பது போலத்தான் வைப்பாள்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் ஷிப்டுக்குப் போகும்போது, கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று திரும்பிய வளைவில் அவளுடைய ஸ்கூட்டரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிழைத்தது பெரிய விஷயம். முட்டியில் தகடு வைத்தார்கள். முட்டி ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. சிங்கபெருமாள் கோயிலுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே ஓடும் அந்த ஆறு வழிச் சாலையை அவளால் தாண்ட முடியவில்லை. அவளுடைய கம்பெனி கேட் சாலைக்கு அந்தப் பக்கம், எங்கள் வீடு இந்தப் பக்கம். ஆட்டோவில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். சாலை ஓரம் வந்ததும் டிரைவரின் தோளைத் தட்டித் திருப்பச் சொல்லிவிட்டாள். என் பைக்கிலும் அதே கதைதான். ஊர் முழுக்க அந்தச் சாலையில் விழுந்து எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. இவள் மட்டும் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பெனி பஸ்களின் ஹாரனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

பிசியோதெரபிக்காரர் முட்டிக்குச் சைக்கிள் நல்லது என்றார். அவர் சொன்னது வீட்டுக்குள் நிறுத்தி வைத்து மிதிக்கும் சைக்கிளை. இவள் அந்தப் பகுதியைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மறுநாளே இலவச சைக்கிளுக்குக் காற்றடித்து ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். பதறிக்கொண்டு பின்னால் ஓடியவன் நான். அப்படித்தான் எங்கள் சைக்கிள் ஊர்வலம் தொடங்கியது.

இந்தப் பக்கத்தில் ஏரி இல்லாத ஊர் அபூர்வம். ஒரு ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற கல் கட்டின் மேல் வழிந்து, கால்வாயாக ஓடி, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. ராஜாக்கள் காலத்திலிருந்து இருக்கிற ஏற்பாடு. கால்வாய்க் கரைகளில் லாரி வராது, பஸ் வராது. வந்தால் ஒரு எருமை வரும், புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று வரும். அந்த மொபெட்டுக்கே இவள் இறங்கி ஓரம் கட்டிவிடுவாள். நான் முன்னால் போக வேண்டும், என் முதுகைப் பார்த்துக்கொண்டு அவள் பின்னால் வருவாள். அதுதான் விதி. ஆனால் நாளாக நாளாக ஊர் ஊராகப் போனோம். கொக்கும் கூழைக்கடாவும் நிற்கும் ஏரிகள், மதகின் கல் தூணில் வலை காயப்போட்ட மீன்காரர்கள், மனைப்பிரிவுக் கொடிகளுக்கு நடுவே பிடிவாதமாக நெல் விளையும் வயல்கள், அதற்குப் பின்னால் வானத்தையே மறைக்கிற குடோன் கூரைகள். கலங்கலில் தண்ணீர் விழும் இடங்களில் கம்பெனி ஹாஸ்டல் பையன்கள் குற்றாலத்தில் குளிப்பதுபோல் குளித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேச்சில் எங்கள் ஊர் வாடை அடிக்கும், நான் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவேன்.

என் வேலையே அளவு பார்ப்பது. ஒரு மெஷினைத் தரையில் சமமாக உட்கார வைக்க லேசர் கருவி, அதற்கு ஒரு சான்றிதழ், அதைச் சரிபார்க்க ஒரு ஆடிட் என்று நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. இந்தக் கால்வாய்களை வெட்டியவர்களோ, கண்ணுக்கு மேடு பள்ளமே தெரியாத தட்டை நிலத்தில், தண்ணீர் தானாக ஊர்ந்து அடுத்த ஊருக்குப் போகும்படி சரிவு வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் போனால்தான் அது தெரியும். ஒரு திசையில் போகும்போது பெடல் கொஞ்சம் இலேசாக இருக்கும், திரும்பி வரும்போது கொஞ்சம் கனக்கும். முதன்முதல் அதைக் கவனித்த அன்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளிடம் சொன்னேன். காலில் தகடு வைத்தவளுக்கு முதல் நாளே தெரியும் என்றாள்.

கோடையில் அவள் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். கால்வாய் அந்த ஆறு வழிச் சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலத்தின் வழியாகத்தான் மறுபக்கம் போகிறது. கால்வாய் வறண்டிருக்கும்போது குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிப் போகலாம். போனோம். தலைக்கு மேல் டிரெய்லர்கள் போகும்போது கான்கிரீட் அதிர்ந்து மண் உதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் நடுவில் நின்று மேலே பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

தீபாவளிக்கு முன்னால் அவளுடைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அவளுடைய லைன் இன்னும் அவளுக்காகவே இருக்கிறது, ஆனால் இதற்கு மேல் காத்திருக்க முடியாது, பண்டிகை லீவு முடிந்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். எப்படிப் போவாய் என்று நான் கேட்கவில்லை. என் ஷிப்டும் அவள் ஷிப்டும் வேறு வேறு, தினமும் நான் கையைப் பிடித்து அழைத்துப் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மழைக்காலத்தில் சிறுபாலத்தை நம்ப முடியாது என்பதும் தெரியும். அதனால் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, சைக்கிளில் அந்தச் சாலையைத் தாண்டிப் பாலாற்றங்கரை வரை போவோம் என்று நானே திட்டம் போட்டேன். லீவு நாளில் சாலை காலியாகக் கிடக்கும். காலிச் சாலையில் ஒருமுறை தாண்டிவிட்டால் மனசு பழகிவிடும் என்பது என் கணக்கு.

அன்று காலை மழை விட்டிருந்தது. கரையெல்லாம் ஈரம், கால்வாயில் தண்ணீர் புதுசாக ஓடியது. புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டோம். வழியில் பார்த்ததையெல்லாம் ரசித்து, நின்று, போட்டோ எடுத்து, என் செயின் இரண்டு தடவை கழன்று, மதியம் தாண்டித்தான் சாலைக்கு வந்து சேர்ந்தோம். சிறுபாலத்தில் தண்ணீர் மார்பளவு. ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. எதிர்பார்த்ததுதான். மேலே ஏறிப் பார்த்தேன். சாலை அடைத்துக்கொண்டு ஓடியது. டிரெய்லர்கள், கம்பெனி பஸ்கள், தண்ணீர் லாரிகள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் உறைத்தது. தீபாவளிக்குக் கூடுதலாக விட்ட லீவுக்கு ஈடாகப் பாதி கம்பெனிகள் அந்த ஞாயிற்றுக்கிழமையை வேலை நாளாக்கியிருந்தன. எங்கள் கம்பெனிக்கு லீவு, அதனால் ஊருக்கே லீவு என்று நினைத்துவிட்டேன். இந்தப் பக்கத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் செய்கிற காரியமா இது? என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.  சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. திரும்பிப் போய்விடலாம், நாளைக்கு வேறு ஏதாவது யோசிக்கலாம் என்றேன். அவள் சாலையைப் பார்க்காமல் எதிரே இருந்த தன் கம்பெனி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு லைன் ஓடுதுன்னா, செகண்ட் ஷிப்டு வரும்ல?" என்றாள்.

நான் புரியாமல் விழித்தேன். அவள் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, டப்பாவைத் திறந்து எனக்கும் சோறு வைத்தாள். அவள் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்தில் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஹாஸ்டல் பெண்கள் இறங்கினார்கள். தெக்கத்திப் பெண்கள், தலை நிறையப் பூ, கழுத்தில் அடையாள அட்டை. ஊர்விட்டு ஊர் வந்த இந்தப் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தச் சாலையைத் தனித்தனியாகத் தாண்டவே மாட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வரிசையாகக் கைகோத்துக்கொள்வார்கள். தெரிந்தவள் தெரியாதவள் என்றெல்லாம் பார்ப்பதில்லை, பக்கத்தில் எந்தக் கை இருக்கிறதோ அந்தக் கை. இரண்டு செக்யூரிட்டிகள் சிவப்புக் கொடியோடு இறங்கி விசில் ஊதுவார்கள். சங்கிலி முழுசாக அந்தப் பக்கம் போகும்வரை எந்த டிரெய்லரும் அசையக் கூடாது. முன்பெல்லாம் இவள் ஸ்கூட்டரில் இதைச் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். 'சின்னப் புள்ளைங்க மாதிரி' என்று அவர்களைக் கிண்டலும் செய்வாள்.

இப்போது எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நேராக அந்த வரிசையிடம் போனாள். 

"நடுவுல ஒரு எடம் குடுங்கம்மா. எனக்கு ரோடுன்னா பயம்."

இந்த ஒரு வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. முட்டி வலி என்பாள், தலை சுற்றுகிறது என்பாள், வெயில் என்பாள். பயம் என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. அவள் வராத நாட்களில் புதிதாகச் சேர்ந்த, முன்பின் தெரியாத பெண்களிடம் அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். ஒருத்தி தோழியின் கையை விட்டுவிட்டு சைக்கிள் ஹேண்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கும் பயந்தானக்கா. அதாம் கையப் பிடிச்சுக்கிடுதோம்" என்றாள். எங்கள் சீமைப் பேச்சு. இன்னொருத்தி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சைக்கிளும் சங்கிலியில் ஒரு ஆளாகச் சேர்ந்துகொண்டது.

விசில் ஊதினார்கள். வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. ஒரு டிரெய்லரின் முகப்பு அவள் தலைக்கு மேல் மாடி உயரத்துக்கு நின்றது. அதன் முன்னால் வந்ததும் அவள் நடை நின்றுவிட்டது.  ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். சங்கிலியும் நின்றது. யாரும் அவளை இழுக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. முன்னால் போனவர்கள் அப்படியே கையை நீட்டியபடி காத்திருந்தார்கள். டிரெய்லர் டிரைவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிறகு அவள் காலை எடுத்து வைத்தாள். நடுத்திட்டு வந்தது, அதையும் தாண்டினாள், மிச்சச் சாலையையும் தாண்டினாள். நான் அவ்வளவு பெரிய ஆளை என் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் விசில் அடங்கியதையும் கொடி இறங்கியதையும் நான் கவனிக்கவில்லை. சாலை மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குச் சாலை தாண்டத் தெரியும், ஆனால் சைக்கிளோடு அந்த ஓட்டத்தில் இறங்க அன்று எனக்கும் துணிச்சல் வரவில்லை. செக்யூரிட்டி என்னைப் பார்த்து, இனி அடுத்த பஸ் வந்தால்தான், அங்கேயே நில் என்று கையைக் காட்டினார்.

அந்தப் பக்கம் பெண்கள் கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். என் மனைவி அவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பாள். பிறகு சாலை ஓரத்தில் நின்றபடி போனை எடுத்தாள். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

"இன்னா, மாட்டிக்கினியா?"

ஆமாம் என்றேன்.  அங்கேயே நில், பஸ் வந்ததும் வந்துவிடுகிறேன், பயப்படாதே என்றேன்.

"நான் இன்னாத்துக்கு நிக்கணும்? நீ பொறுமையா வா. நான் போய்க்கினே இருக்கேன்."

போனை வைத்துவிட்டாள். சைக்கிளில் ஏறினாள். மறுபக்கத்துக் கால்வாய்க் கரையில், முன்னால் யாரும் இல்லாமல், தனியாக மிதித்துக்கொண்டு போனாள். இரண்டு டிரெய்லர்களுக்கு இடையே கிடைத்த சந்தில் அவள் முதுகு தெரியும், மறையும், மறுபடி தெரியும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாக. திரும்பிப் பார்ப்பாள் என்று கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் பார்க்கவில்லை. நான் கையை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.