பெட்டி சீன் பற்றிச் சாமுண்டீஸ்வரி சொன்னது

சேலையூர் கேம்ப் ரோட்டுச் சாமுண்டீஸ்வரியின் எண்ணை யாரும் சந்தோஷமாக அழைத்ததில்லை. இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவர் அவர். வயது நாற்பத்தாறு. மூன்று பெட்டிகள், ஒரு லோடு ஆட்டோ, அதை ஓட்ட முனிரத்தினம். தொழிலைத் தொடங்கிய கணவர் ஒன்பது வருடத்துக்கு முன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டார். பெட்டிகளை எடுத்துப் போக அவருக்குத் தோன்றவில்லை.

இந்தத் தொழிலில் பெண்கள் குறைவு. அதுவே சாமுண்டீஸ்வரிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இறந்தது பெண் என்றால் பெட்டியை வைத்ததும் முனிரத்தினம் வாசலுக்கு வந்துவிடுவார், உடலைத் தொட்டுக் கிடத்துவது சாமுண்டீஸ்வரிதான். பெருங்களத்தூரிலிருந்து மாடம்பாக்கம் வரை தெருச் சங்கங்களின் செயலாளர்கள் அவருடைய எண்ணைத் தங்கள் போனில் வைத்திருந்தார்கள். அவருடைய பிழைப்பு முழுக்க அந்த எண்ணும், எடுத்தவுடன் அதில் கேட்கும் நிதானமான குரலும்தான்.

போன வருடம் சினிமாக்காரர்கள் வந்து இரண்டு நாளுக்கு ஒரு பெட்டி கேட்டார்கள். சோகக் காட்சி என்றார்கள். பெருங்களத்தூரில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. திரும்பி வந்த பெட்டியில் பொரித்த கோழி வாடை அடித்தது. சாப்பிட வேறு இடமே கிடைக்கவில்லையா என்று முனிரத்தினத்தைத் திட்டிக்கொண்டே சாமுண்டீஸ்வரி அதை மூன்று முறை கழுவினார்.

படம் இந்த மே மாதம் வெளியானது. முதல் நாள் பத்து மணிக் காட்சிக்குச் சினிமாக்காரர்களிடமிருந்து இரண்டு டிக்கெட் வந்தது. ஒரு சவாரியை முடித்த கையோடு இருவரும் லோடு ஆட்டோவிலேயே ஜி.எஸ்.டி. ரோட்டுத் தியேட்டருக்குப் போனார்கள்.

சிரிப்புக் கொலைப் படம். பணக்காரப் பெரியவர் ஒருவர் கொலையாகிறார். பிணம் கூடத்தில் பெட்டிக்குள் கிடக்க, கொன்றது யார் என்று வீடே ஒருவரை ஒருவர் முறைக்கிறது. இடைவேளை வரை சாமுண்டீஸ்வரியும் நன்றாகவே சிரித்தார். அதன்பிறகு வந்தது அந்தக் காட்சி. நான்கு மருமகன்கள் பிணத்தின் கால்மாட்டில் பீர் பாட்டில்களை அடுக்கிக் குளிர வைக்கிறார்கள். மேலே கண்ணாடி மூடியில் கோழியைப் பரப்பித் தின்கிறார்கள். எண்ணெய்க் கையைப் பெரியவரின் வேட்டியில் துடைக்கிறார்கள். பெட்டி கொண்டு வந்தவனிடம் ஒருவன் கேட்கிறான்: "உள்ள லைட் கீதா? எங்க மாமாவுக்கு இருட்டுன்னா பயம்." தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. "அன்னிக்கு நான் துன்னேன்னு திட்டின இல்ல, பாத்துக்கோ," என்றார்.

சாமுண்டீஸ்வரி திரையில் அந்த மூடியையே பார்த்தார். அது மகள்கள் கன்னம் வைத்து அழுகிற கண்ணாடி. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கணவர் அதன்மேல் நெற்றியை வைத்தபடியே தூங்கிப் போயிருக்கிறார். சினிமாவில் வாடை கிடையாது, ஒழுகும் நீர் கிடையாது, பிணத்துக்கு முகத்தில் பவுடர்கூடக் கலையவில்லை. அதனால்தான் இவ்வளவு பேருக்குச் சிரிக்க முடிகிறது என்று அவருக்குப் பட்டது. படம் முடியும்வரை சேலை முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாசலில் யூடியூப் சேனல்காரர்கள் மைக்கோடு நின்றார்கள். செம என்றார்கள் கல்லூரிப் பையன்கள். இரண்டாம் பாதி இழுவை என்றார் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். கொலைகாரனை முதல் ரீலிலேயே கண்டுபிடித்துவிட்டதாக ஒரு பெண் பெருமையாகச் சொன்னார். ஜோஸ்வின் என்ற இளைஞன் லோடு ஆட்டோவின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தான். "குளிர்சாதனப் பெட்டி, இருபத்துநாலு மணி நேரமும்," கீழே எண். அவன் கண் பளிச்சென்றது. சாமுண்டீஸ்வரியை அந்த எழுத்துக்கு முன்னால் நிறுத்தினான்.

"அக்கா, முதல்ல சவுண்டு லெவல் பாக்கணும். 'படம் சூப்பர், பெட்டி சீன் வேற லெவல்'னு சொல்லுங்க. டெஸ்ட்தான்."

சொன்னார். மைக்கைப் பார்த்த கூச்சத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். அதன்பிறகு இரண்டு நிமிடம் தன் கருத்தைச் சொன்னார். அருவருப்பாக இருந்தது, செத்தவருக்கு வாய் இல்லை என்பதால் இவ்வளவு ஆட்டமா, உங்கள் வீட்டில் ஒருவரை வைத்துவிட்டு இதைப் பாருங்கள் என்றார். ஜோஸ்வின் தலையாட்டிக் கேட்டான்.

மாலையில் வீடியோ வந்தது. ஏழு விநாடி. "பெட்டி அக்காவே சிரிச்சுட்டாங்க" என்ற தலைப்பு. டெஸ்ட் மட்டும் இருந்தது. பின்னால் ஆட்டோவும் எண்ணும் பளிச்சென்று தெரிந்தன.

மறுநாள் ஜோஸ்வினின் எண்ணைத் தேடிப் பிடித்து அவனிடம் கேட்டார். படக் கம்பெனியில் நல்லதாகச் சொன்னதைத்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள், அப்படித்தான் வழக்கம் என்றான். எடுத்துவிடச் சொன்னதற்கு, "நாலு லட்சம் வியூஸ் அக்கா, இப்ப எப்படி எடுக்கறது? நீங்க சொன்னதுதானே, நானா உங்க வாயில வெச்சேன்?" என்றான்.

வைத்தது அவன்தான். ஆனால் அதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

சனிக்கிழமை முழுக்க அழைப்புகள். பெட்டியில் எத்தனை பாட்டில் பிடிக்கும் என்றார்கள். மாமியாரை உயிரோடு வைக்கலாமா என்றார்கள். பாதிப் பேர் படத்தின் வசனத்தையே சொன்னார்கள்: உள்ள லைட் கீதா? பின்னால் கூட்டாளிகளின் சிரிப்பு. போனை அணைத்து வைக்கச் சொன்னார் முனிரத்தினம். நிஜமாக யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்று சாமுண்டீஸ்வரி மறுத்துவிட்டார்.

ஞாயிறு பதினொன்றரைக்கு ஒரு இளைஞன் அழைத்தான். பெட்டி வேண்டும், சிட்லபாக்கம் என்றான். பிறகு குரல் குலுங்கியது. "உள்ள லைட் ஏதாவது இருக்குமா? அம்மாவுக்கு இருட்டுன்னா..."

அவனை முடிக்க விடவில்லை சாமுண்டீஸ்வரி. "உங்கம்மாவ நடுரோட்ல போட்டு சுத்தி பீர் வெச்சிக்கோடா. செருப்பு பிஞ்சிடும், வை போன."

பத்து நிமிடம் கழித்துக் கஸ்தூரிரங்கன் பேசினார். சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கத் தெருச் சங்கத்தின் செயலாளர். சுபத்ரா டீச்சர் காலமாகிவிட்டார், எண் கொடுத்தது நான்தான், அந்தப் பிள்ளையிடம் என்னம்மா பேசினீர்கள் என்று கேட்டார்.

சாமுண்டீஸ்வரி போனைக் காதில் வைத்தபடியே முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். பெட்டியை ஏற்றச் சொன்னார்.

மகன் உதயா நாவலூரில் ஐ.டி. வேலையில் இருப்பவன். வாசலிலேயே மறித்தான். பல்லாவரத்திலிருந்து வேறு பெட்டி வருகிறது என்றான். வெயில் கொளுத்தியது. கூடத்தில் பாயில் கிடந்த சுபத்ராவின்மேல் மூன்று மின்விசிறிகள் சுற்றின. நாற்பது நிமிடம் ஆனது. பல்லாவரத்துக்காரர் இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அதுவரை சாமுண்டீஸ்வரி கேட்டுக்கு வெளியே ஆட்டோவைப் பிடித்தபடி நின்றார்.

உதயா வெளியே வந்தான்.

"தப்பு என்னுதுதான் தம்பி. யாரோ விளையாடுறாங்கன்னு நெனச்சிட்டேன்."

"விளையாடுற குரல் மாதிரியா இருந்துச்சு?"

வீடியோவைப் பற்றிச் சொல்லலாம்தான். சாவு வீட்டு வாசலில் சினிமாப் பேச்சை எடுக்க வாய் கூசியது. அவனே எடுத்தான்.

"உங்க வீடியோ ஆபீஸ் குரூப்ல வந்துச்சு. நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்." பிறகு தரையைப் பார்த்தபடி, "பாக்ஸ வெச்சிட்டுப் போங்க. அம்மாவ நீங்க தொட வேணாம்," என்றான்.

முனிரத்தினமும் அவரும் பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். பிறகு வெளியே வந்து வாசற்படிக்குக் கீழே நின்றார்கள். உள்ளே நான்கு ஆண்கள் சுபத்ராவைத் தூக்க முயன்றார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் புடவை விலகியது, தலை பின்னால் தொங்கியது. ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டார்.

சாமுண்டீஸ்வரி படியேறவில்லை. அங்கிருந்தே சொன்னார். "தம்பி, கழுத்துக்கு அடியில உங்க கைய குடுங்க. பாயோட சேத்து தூக்குங்க. மொதல்ல காலு, அப்பறம் தலை. அவசரமே இல்ல."

உதயா திரும்பிப் பார்க்கவில்லை. கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்தான். பாயோடு தூக்கினார்கள். முதலில் கால், பிறகு தலை. மூடி இறங்கியது. யாரும் சாமுண்டீஸ்வரியை உள்ளே கூப்பிடவில்லை.

ஆட்டோ திரும்பும்போது போன் மறுபடி அடித்தது. எடுத்தார். ஒரு பையன், பெட்டிக்குள்ளே பிரியாணி சூடாக இருக்குமா என்றான். பின்னால் சிரிப்பு. போனை வாங்கித் தூக்கி எறியப் போனார் முனிரத்தினம். சாமுண்டீஸ்வரி அவர் கையைத் தட்டிவிட்டார்.

"எறந்தது யாருங்க?" என்று கேட்டார். சாவு வீட்டுக்கு என்று இருக்கும் அதே குரல். "எந்தத் தெரு? அவங்க பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு வைத்துவிட்டார்கள். மாலைக்குள் இன்னும் பதினான்கு பேர் அழைத்தார்கள். பதினான்கு பேரிடமும் அதையேதான் கேட்டார்.