சங்கிலிக்கு எந்த எண்ணெய்

போன வாரம் எங்கள் ஹெப்பாள் அடுக்ககத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. தோட்டத்துக்கென்று புதிதாக வாங்கிய மரம் அறுக்கும் மெஷினுக்குச் சங்கிலி எண்ணெயாக எதை ஊற்றலாம்? கேட்டவர் பொறுப்பான மனிதர், மூன்று டப்பாக்களின் படத்தையும் போட்டிருந்தார். பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. காருக்கு ஊற்றுவதையே ஊற்றுங்கள் என்றார் ஒருவர். இருப்பதிலேயே விலை கூடினதை வாங்குங்கள், எதற்கு வம்பு என்றார் இன்னொருவர். நான் நாலு வரி தட்டினேன், அழித்தேன். மறுபடி தட்டினேன், அழித்தேன். அறுபதை நெருங்குகிற ஒரு பெண்மணிக்கு இதில் கருத்து இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் எனக்கு இருந்தது. ஒரு மனிதரின் பிழைப்பைப் பதினைந்து நாள் முடக்கிப்போட்டுக் கற்றுக்கொண்ட கருத்து அது.

தொண்ணூறுகளின் நடுவில் இதே மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டோர்கீப்பர். அம்மா அங்கேயே நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னையும் நர்ஸாக்கத்தான் ஆசைப்பட்டார். எனக்கோ ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும். அதனால் பஞ்சு மூட்டைகளுக்கும் பினாயில் கேன்களுக்கும் நடுவே ஒரு மேசை கிடைத்தது. அந்த அறையின் வாசனையை இப்போதும் சொல்ல முடியும். ஸ்பிரிட், புதுத் துணி, எலி மருந்து, அதற்கு மேல் என் மதியச் சாப்பாட்டு டப்பாவின் ரசம். அங்கே உட்கார்ந்துகொண்டு, இந்த ஆஸ்பத்திரியே என் சாவிக்கொத்தில் தொங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ வார்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கிணறு. குழாயில் காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். குடிக்க, துவைக்க, ஆபரேஷன் தியேட்டர் கழுவ, எல்லாவற்றுக்கும் கிணறுதான். அதன் கரையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். ஒரு மே மாதக் காற்றில் அது பாதியாகப் பிளந்து, ஒரு பக்கம் வார்டுக் கூரைமேலும் மறுபக்கம் கிணற்றுக்கு மேலும் சாய்ந்து நின்றது. கோடாலிக்காரர்களை விட்டால் பத்து நாளாகும், அதற்குள் கூரை இறங்கிவிடும். மெஷின்காரர் யாரையாவது பிடி என்று மேட்ரன் அம்மா சொல்லிவிட்டார்.

அப்படித்தான் மாதேஷ் வந்தார். எல்லைக்காட்டுப் பாலாறு பக்கத்து ஊர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். குடகில் ஏதோ காப்பித் தோட்டத்திலிருந்து பழைய மெஷினை வாங்கி, அதைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு திரிந்தார். நீளமான ஒரு இரும்புப் பட்டை, அதைச் சுற்றி ஓடுகிற பல்வைத்த சங்கிலி. அந்தப் பட்டையை அவர் 'பார்' என்பார்.

"இதுக்கு ரெண்டு தொட்டிங்கம்மிணி. ஒண்ணுல பெட்ரோலு, ஒண்ணுல ஆயிலு. ஆயில் இல்லாம ஓட்டுனா செயினும் பாரும் ஒண்ணையொண்ணு தின்னுபோடும்."

எந்த ஆயில் என்று கேட்டேன். வேஸ்ட் ஆயிலே போதும் என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எங்கள் ஆம்புலன்ஸிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் கேன் கேனாகக் கிடந்தது. ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஒரு செலவை மிச்சம் பிடித்த பெருமையோடு போய் உட்கார்ந்தேன்.

மதியம் துணி துவைக்கும் கௌரம்மா ஒரு கை நிறையத் துணியோடு வந்து நின்றார். "ஏன்ரீ மேடம் இது? மகு பட்டே எல்லா கப்பாகிதே!" கொடியில் காய்ந்த குழந்தைத் துணி முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். சோப்புக்கும் போகவில்லை, சோடாவுக்கும் போகவில்லை.

மாதேஷிடம் ஓடினேன். "நீங்க ஊத்துற ஆயில் எங்க போகுது?"

"எங்கீங்க போகும்? செயினோட சுத்தி வெளிய தெறிச்சுரும்."

"ஊத்துறது அத்தனையுமா?"

"அத்தனையுந்தான். திரும்பி வராதுங்க." நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து, பார் நுனியை அதற்கு நேராகப் பிடித்து மெஷினை முடுக்கினார். அட்டையில் பேனாவால் கோடு இழுத்தமாதிரி ஒரு கறுப்பு வரி விழுந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம், பிறகு கிணற்றைப் பார்த்தோம். வார்டுப் பக்கம்தான் முடிந்திருந்தது. கிணற்றுக்கு மேலிருந்த பாதி மரம் அப்படியே பாக்கி.

மேட்ரன் அம்மா சத்தம் போடவில்லை. "தியேட்டருக்கும் இந்தத் தண்ணிதானே போகுது? ஏனாதரு மாடும்மா, ஏதாவது செய். அந்த எண்ணெ மட்டும் உள்ளே விழக்கூடாது" என்றார். கிணற்றை மூடத் தார்ப்பாய் இருந்தது. ஆனால் கிளை விழுந்து அது கிழியாது என்று யார் உத்தரவாதம் தருவது? புது ஆயிலானாலும் கம்பெனி ஆயிலானாலும் தண்ணீரில் படலம்தான், குடிக்க ஆகாது. சாப்பிடுகிற எண்ணெய் ஏதாவது ஊற்றலாமா என்றேன்.

மாதேஷின் முகம் மாறிவிட்டது. "இது என்ற வயித்துப்பாடுங்கம்மிணி. கண்டதையும் ஊத்திச் செயின் புடிச்சுக்கிச்சுன்னா நான் என்ன பண்றது?"

அவர் கிணற்றடியில் போய் உட்கார்ந்தார். வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தி, முகம் கழுவி, கொஞ்சம் குடித்தார். பிறகு அவராகவே சொன்னார்: "காத்தாலிருந்து நானும் இதத்தான் குடிக்கறனுங்க. செரி, வாங்க. ஒழுகற எண்ணெ ஆகாது, ஒட்டற எண்ணெயா எடுக்கோணும்."

தேவராஜ மொஹல்லாவில் அப்போது எண்ணெய்க் கடைகள் வரிசையாக இருக்கும். தரையெல்லாம் வழுக்கும். செருப்பைப் பார்த்து வைத்து நடக்கவேண்டும். மாதேஷ் ஒவ்வொரு டின்னிலும் விரல் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், புங்கெண்ணெய். விளக்கெண்ணெயைத் தொட்டபோதுதான் விரல்களுக்கு நடுவே நூல் மாதிரி இழுபட்டது. "இதுங்க" என்றார். கடைக்காரர் குழந்தைக்கா தலைக்கா என்று கேட்டார். மரம் அறுக்கும் மெஷினுக்கு என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானால் கெட்டி அதிகம், கொஞ்சம் கடலெண்ணெய் கலந்துகொள்ளுங்கள் என்றார் நல்ல மனுஷர்.

அங்கேதான் என் புத்திசாலித்தனம் குறுக்கே வந்தது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் டின் இருக்கும்போது கடலெண்ணெய் எதற்கு? அதைவிட இது லேசாயிற்றே. அதையே கலந்தோம்.

வேலை அருமையாக நடந்தது. கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இரண்டாம் நாள் பயந்தபடியே தார்ப்பாய் கிழிந்து மரத்தூள் கிணற்றில் விழுந்தது. கௌரம்மா கூடையால் அரித்தெடுத்தார். கறுப்பு வளையம் எதுவும் இல்லை. சூடான எண்ணெய் வாசனை வார்டெல்லாம் பரவி, நோயாளிகளோடு வந்தவர்கள் கேன்டீனில் போண்டா போடுகிறார்களா என்று என்னிடம் வந்து கேட்டார்கள். மேட்ரன் அம்மா எல்லோர் முன்னாலும் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர் குடித்துக் காட்டினார். ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

வேலை முடிந்ததும் மாதேஷ் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குக் கிளம்பினார். "மெஷின இங்கியே வெச்சுட்டுப் போறனுங்க. காட்டு வழியில இதத் தூக்கிட்டுப் போனா செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட்டு கதை சொல்லோணும்." நான் அதைப் பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் ஏற்றி, அவர் பெயரெழுதி ஒட்டிவைத்தேன். மூன்று வாரம் அது அங்கே இருந்தது. தினமும் பார்த்தேன். தொட்டியில் மிச்ச எண்ணெய் இருந்ததைப் பற்றி ஒருநாளும் நினைக்கவில்லை.

அவர் திரும்பி வந்த அன்றே ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் வேலை ஒத்துக்கொண்டிருந்தார். போர்வையைப் பிரித்துச் சங்கிலியைக் கையால் இழுத்தார். அசையவில்லை. எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து பாகு காய்ந்ததுபோல் பழுப்பாக இறுகியிருந்தது. சூரியகாந்தி எண்ணெய் கடலெண்ணெய் மாதிரி இல்லை, காற்றுப்பட்டால் சீக்கிரம் காய்ந்து இறுகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஓடினால் இளகுமோ என்று முடுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ கடகடவென்றது, புகை வந்தது, நிறுத்திவிட்டார்.

"நான்தான்... கடலெண்ணெயே வாங்கியிருக்கணும்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கொண்டுவந்த டீயையும் தொடவில்லை. மண்ணெண்ணெய்த் தட்டில் சங்கிலியை ஊறப்போட்டுவிட்டு, பாரின் எண்ணெய்த் துளையைக் குத்த மெல்லிய கம்பி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வார்டிலிருந்து ஊசி வாங்கி வந்தேன். அன்று மாலைவரை நானே உட்கார்ந்து அந்தத் துளையைக் குத்திக் கொண்டிருந்தேன். கண் இருட்டவில்லை. வெட்கம் எல்லா மயக்கத்தையும் தெளிய வைத்துவிடும் போலிருக்கிறது.

சங்கிலி சுத்தமாயிற்று. ஆனால் எண்ணெய் பம்பின் பல்சக்கரம் உடைந்திருந்தது. குடகிலிருந்து வேறு வரவழைக்கப் பதினைந்து நாளாயிற்று. பள்ளிக்கூட வேலை கோடாலிக்காரர்களுக்குப் போயிற்று. அத்தனை நாளும் மாதேஷ் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். பம்பு வந்து மெஷின் ஓடிய பிறகுதான் என்னோடு பேசினார்: "இனிமே வேல முடிஞ்சதும் தொட்டிய வடிச்சுப்போடுங்க. அவ்வளவுதானுங்க." அதற்குப் பிறகும் பல வருஷம் எங்கள் மரங்களுக்கு அவர்தான் வந்தார். கிணற்றுப் பக்கம் விளக்கெண்ணெயும் கடலெண்ணெயும், மாலையில் தொட்டியை வடித்து மண்ணெண்ணெய்க் கழுவல். அதைச் செய்வது என் பொறுப்பு. யாரும் சொல்லி ஏற்றுக்கொண்டதல்ல.

இப்போது அந்த ஆஸ்பத்திரி இல்லை. கிணற்றை மண்கொட்டி மூடி, மேலே கட்டடம் எழுப்பிவிட்டார்கள். எண்ணெய்க் கடை வரிசையில் செல்போன் உறை விற்கிறார்கள். மேட்ரன் அம்மாவும் கௌரம்மாவும் காலமாகிவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை வாசலில், செக்யூரிட்டி உடுப்பில் மாதேஷைப் பார்த்தேன். மெஷினை விற்றுவிட்டாராம். பக்கத்துக் கடையில் டீ சொன்னேன். கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அணைத்து எடுத்தார்.

"சூடா இருக்கா?"

"வெரலுக்குத் தெரியறதில்லீங்கம்மிணி. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து செத்துப்போச்சு. சட்டப் பொத்தான் கூட ஊட்டுக்காரிதான் போட்டு உடறா."

எப்போதிருந்து என்றேன். அந்தக் கிணற்று மரம் வெட்டிய காலத்திலேயே மரத்துப்போக ஆரம்பித்துவிட்டதாம். யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டாராம்.

அந்த நாட்களில் அவர் வேலைக்கு நடுவே கைகளை உதறி உதறித் தேய்த்துக்கொண்டு நிற்பார். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று நினைத்து, நான் ஸ்டோரிலிருந்து சோப்பு எடுத்துக் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார்.