இடது கண்ணால் படித்த டிராம்கள்

கொல்கத்தாவின் புழுக்கமான நாளொன்றில் காலையிலிருந்து முகத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை மாலையில் உரித்தெடுக்கும்போது ஒரு வாடை எழும். வியர்வையும் மருந்துப் பஞ்சும், ஓரங்கள் இளகுவதற்காக அம்மா தடவிய தேங்காய் எண்ணெயும் சேர்ந்த புளித்த வாடை அது. புருவ மயிர் நாலைந்தாவது கூடவே வந்துவிடும். பிறகு மூடிக் கிடந்த வலக் கண் திறந்துகொள்ள, லேக் கார்டன்ஸ் வீட்டின் ஜன்னல் கம்பிகளும் எதிர்வீட்டு மாடியில் உலரும் சேலைகளின் கரைகளும் யாரோ துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று தெரியும். அந்த ஒரு நொடிக்காக நான் பகல் முழுக்கக் காத்திருப்பேன்.

தேதி குறித்து வைக்கும் பழக்கம் அந்த வயதில் எனக்கு ஏது? இப்போது அந்த ஆண்டைப் பண்டிகைகளை வைத்துத்தான் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். தொடங்கியது சரஸ்வதி பூஜை முடிந்த வாரத்தில். அம்மா அதைத் தைப்பூச வாரம் என்பாள். இரண்டும் அந்த வருடம் அருகருகே வந்ததால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். பள்ளியில் கண் நோய் பரவியிருந்தது. ஊரில் அதை "மெட்ராஸ் ஐ" என்பார்கள். கொல்கத்தாவில் அதன் பெயர் "ஜொய் பாங்ளா", எல்லைக்கு அப்பாலுள்ள வங்கதேசத்தின் கோஷம். நோய்க்குத் தன் ஊரின் பெயரை யாரும் வைத்துக்கொள்வதில்லை போலும். எனக்கு வலக் கண்ணில் வந்து, இமை வீங்கி மூடிக்கொண்டது. இடக் கண் சிவக்கக்கூட இல்லை. ஆனாலும் நான் கதவு நிலையில் முட்டிக்கொண்டேன், தட்டில் இருந்த இட்லியை விட்டுவிட்டுத் தட்டின் ஓரத்தைப் பிட்டுக்கொண்டிருந்தேன். "நல்ல கண்ணுதான் தொறந்திருக்குல்லா, பிறகு ஏன்டி தடவுத?" என்று அம்மா அதட்டியது நினைவிருக்கிறது. அதட்டியவள் சட்டென்று நிறுத்தி, என் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டினாள். எத்தனை விரல் என்று எனக்குத் தெரியவில்லை.

பாலிகஞ்சில் பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் ஒரு பெண் கண் மருத்துவர் நோயாளிகளைப் பார்த்துவந்தார். அவர் அப்பாவிடம் ஆங்கிலத்தில் சொன்னதை, திரும்பும் வழியில் அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். இடக் கண் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் மங்கல். அதனால் மூளை வலக் கண்ணை மட்டும் நம்பி, இடதைக் கேட்பதையே விட்டுவிட்டது. கண்ணாடி மட்டும் போதாது, வலக் கண்ணைத் தினமும் மூடி வைத்தால்தான் இடது கண் வேலை கற்றுக்கொள்ளும். சின்ன வயதுக்குள் கற்றுக்கொள்ள வேண்டும், எட்டு வயதுக்குமேல் கடினம் என்பது அந்தக் காலத்து மருத்துவ நம்பிக்கை. அந்தக் கார்த்திகையில் எனக்கு எட்டு பிறக்க இருந்தது. "சோம்பேறிக் கண்ணு" என்று அம்மா அதற்குப் பெயர் வைத்தாள். தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் "ஜொலதொஸ்யு", கடற்கொள்ளைக்காரி. கோபம் வந்தால் "கானா" என்பார்கள். ஒற்றைக் கண்ணி என்று பொருள். முதல் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கீழ் வீட்டுக் காக்கிமா, அதாவது நாங்கள் சித்தி முறை வைத்துக் கூப்பிட்ட வங்காளி அம்மாள், எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் சைவச் சமையல்தான் என்று உறுதியாக நம்பினார். "மாச் நா கேலே சோக் ஹொபே கீ கொரே?" மீன் தின்னாமல் கண் எப்படித் தேறும் என்று மாடிப்படியில் வழிமறித்துக் கேட்பார். விரல் நீளம்கூட இல்லாத "மௌரொலா" மீன்தான் கண்ணுக்கு மருந்தாம். திருநெல்வேலிச் சைவக் குடும்பத்துக்காரியான அம்மா சிரித்து மழுப்பிவிட்டு, லேக் மார்க்கெட்டில் பொன்னாங்கண்ணிக் கீரையைத் தேடி அலைந்தாள். இரண்டு மாதம் நான் தின்ற கீரையை இப்போது நினைத்தாலும் நாக்கு பச்சையாகிவிடும். கீரையாலோ பிளாஸ்டராலோ, வங்காளிப் புத்தாண்டுக்கு மறுவாரம் மருத்துவரின் எழுத்துப் பலகையில் நான் கூடுதலாக இரண்டு வரி படித்தேன். அம்மா அன்று காக்கிமாவுக்குக் கேசரி கொடுத்தனுப்பினாள்.

பிறகு கோடை விடுமுறை வந்தது. அப்பாவுக்கு விடுப்பு இல்லை. அவர் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. ஹவுராவில் எங்களை ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியே பிளாஸ்டர் பொட்டலத்தை நீட்டி, "ஒரு நாளும் விடாத" என்று அம்மாவிடம் சொன்னார். கூடூர் தாண்டி, வெளியே தமிழ்ப் பெயர்ப் பலகைகள் வரத் தொடங்கியதும் அம்மா தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். "ஊர்ல ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லிட்டு நிக்க முடியாதுட்டி. பொம்பளப் பிள்ளைக்குக் கண்ணுல கோளாறுன்னு ஒரு பேச்சு வந்துட்டுன்னா அப்புறம் அத அழிக்க முடியாது." பிளாஸ்டரை உரிக்க நான் மகிழ்ச்சியாக முகத்தைக் காட்டினேன். வெளியூரில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போவது ஒரு பரீட்சை. புதுத் துணி, எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு, எந்தக் குறையும் இல்லாத முகம். கண்ணாடியை ஊர் ஏற்றுக்கொண்டது; "படிக்கிற பிள்ள" என்றார்கள். அந்த விடுமுறை முழுக்க என் வலக் கண் ஆற்றையும் தேரையும் மாமரத்தையும் ஆசை தீரப் பார்த்தது.

ரத யாத்திரைக்கு முந்தைய வாரம் மருத்துவர் பலகையைக் காட்டினார். கூடுதலாகப் படித்த இரண்டு வரியும் போயிருந்தன. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். லட்சுமி பூஜை முடிந்து வாருங்கள், அதற்குள் முன்னேறாவிட்டால் இதோடு விட்டுவிடலாம், குழந்தையை வதைப்பானேன் என்றார். பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த வாரம் அப்பா டிராமைப் பிடித்தார். ஏறுவதற்காக அல்ல. ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், பிளாஸ்டரோடு என்னை ராஷ்பிஹாரி அவென்யூவுக்கு நடத்திச் செல்வார். டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, தூரத்தில் வரும் டிராமின் எண்ணை இடக் கண்ணால் படிக்கச் சொல்வார். பஸ் இதற்கு உதவாது. பார்ப்பதற்குள் முகத்தில் புகையை ஊதிவிட்டுப் போய்விடும். டிராம்தான் மணியை அடித்தபடி, ரிக்‌ஷாவுக்கும் மாட்டுக்கும் வழிவிட்டு, நிதானமாக வந்து தன்னைக் காட்டும். இரண்டே நாளில் நான் சூட்சுமத்தைக் கண்டுகொண்டேன். அந்தத் தடத்தில் வருபவை ஒன்றிரண்டு ரூட்கள்தான். ஏதாவது ஒன்றைச் சொன்னால் பாதி நேரம் சரியாக இருக்கும். அப்பாவும் உடனே கண்டுகொண்டார். "ரூட் நம்பர் வேண்டாம். நெத்தியில வண்டி நம்பர் எழுதியிருக்கும் பாரு, அதச் சொல்லு." அதை ஊகிக்க முடியாது.

எங்கள் அளவுகோல் கடைகள். டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மருந்துக் கடை, அதைத் தாண்டிச் சேலைக் கடை, அதற்கும் அப்பால் இனிப்புக் கடை. ஆடி முழுக்க, வண்டி மருந்துக் கடையருகே வந்த பிறகே எண் தெரிந்தது. எனக்குத் தலை வலிக்கும், கண்ணில் நீர் கட்டும். "இன்னும் ஒரே ஒரு வண்டி" என்பார் அப்பா. கண்டக்டர்களுக்கு நாங்கள் பழகிப்போனோம். படியில் தொங்கியபடி ஒருவர், "தாதா, ரோஜ் தாடியே தாகேன், ஏக்தின் உடுன்!" என்று கூவுவார், அண்ணா, தினமும் நிற்கிறீர்களே, ஒருநாளாவது ஏறுங்களேன் என்று. அப்பா கையெடுத்துக் கும்பிடுவார்.

என் கண் சேலைக் கடை வரை எட்டத் தொடங்கியிருந்த ஒரு மாலை. பிள்ளையார் சதுர்த்தி கழிந்திருந்தது. வீட்டில் மிஞ்சிய கொழுக்கட்டை என் கையில் இருந்தது. எனக்குச் சலிப்பு. "நீங்களும் ஒரு கண்ண மூடிட்டுப் படிங்கப்பா" என்றேன். அவர் சிரித்து, தன் கண்ணாடியோடு சேர்த்து இடக் கண்ணைக் கையால் மூடி, இனிப்புக் கடைக்கு அப்பாலிருந்தே எண்ணைச் சொன்னார். "அந்தக் கண்ணு இல்ல. என்னை மாதிரி. வலது கண்ண மூடுங்க."

அவர் மூடினார். அடுத்த டிராம் இனிப்புக் கடையைக் கடந்தது. நான் அவர் வாயைப் பார்த்தேன். சேலைக் கடையைக் கடந்தது. நான் படித்துவிட்டேன், சொல்லாமல் வைத்துக்கொண்டேன். மருந்துக் கடையைக் கடந்தது. எங்கள் எதிரே வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், மணி அடித்தது, புறப்பட்டது. அப்பா கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் கடைசியில். "எனக்கும் அந்தக் கண்ணு இப்பிடித்தான். சின்னதுல யாரும் பாக்கல. ரயில் ஓட்டுத வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். கண்ணு டெஸ்டுல உக்கார வச்சு ஒரு கண்ண மூடச் சொன்னாவ. அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

வீட்டுக்கு வந்ததும் இதை அம்மாவிடம் ஒப்பித்தேன். ரகசியம் என்று யாரும் சொல்லவில்லையே. மாவு அரைத்துக்கொண்டிருந்த அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எஞ்சின் புகை ஒத்துக்கிடாது, அதான் ஆபீஸ் வேலைன்னு சொன்னியள?" அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். "அதுவும் உண்டு" என்றார்.

அந்த வருடம் பூஜை பார்க்க நெல்லையிலிருந்து பெரியம்மை வந்தாள், அம்மாவின் அக்கா. நவராத்திரி கொலு எங்கள் கூடத்தில் இருந்தது. தெருமுனையில் துர்க்கையின் பந்தல். சப்தமி மாலை, பெரியம்மை வந்த டாக்ஸியின் ஓசை வாசலில் கேட்டபோது நான் பட்டுப் பாவாடையில் தயாராக இருந்தேன். அம்மா தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து என்முன் குனிந்தாள். பிளாஸ்டரின் ஓரத்தில் அவள் விரல் பட்டது. நான் கண்ணைத் திறக்கக் காத்திருந்தேன். கூடத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கிளம்பியிருந்த ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டிவிட்டு, எண்ணெயைத் தன் தலையில் தேய்த்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

பெரியம்மை என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். "ஏளா, என்னத்தளா இது, மூஞ்சில? பொம்பளப் பிள்ளைக்கு இப்பிடி ஒட்டி வச்சிருக்க. நாளைக்கு நாலு பேரு பாக்க வருவாவல்லா?"

"வாறவங்கள இவளும் பாக்கணும்லா அக்கா" என்றாள் அம்மா. "கை கழுவிட்டு வா, சுண்டல் ஆறுது."

அன்றிரவு பந்தலை நான் இடக் கண்ணால்தான் பார்த்தேன். விளக்குகள் எல்லாம் கரைந்து ஒழுகின. எல்லோரும் அண்ணாந்து வியந்த தேவியின் முகம் எனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, "கையில என்ன இருக்கு, சொல்லு" என்று ஒவ்வொரு கையாகக் கேட்டார். சங்கைச் சொன்னேன். சூலத்தைச் சொன்னேன். மற்றவை பிடிபடவில்லை. கூட்டத்தில் யாரோ கண்ணுக்கு என்ன என்று கேட்க, அம்மா தன் உடைந்த வங்காளியில் தமிழையும் கலந்து, பெரியம்மையும் கேட்கும்படி உரக்க, முழுக் கதையையும் சொன்னாள்.

லட்சுமி பூஜைக்குப் பிறகு போனோம். போன இரண்டு வரியும் திரும்பி, அதற்கும் கீழே ஒன்று வந்திருந்தது. "தொடருங்கள்" என்றார் மருத்துவர். எட்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தோம். இனிப்புக் கடை வரை போனேன். அதற்கு அப்பால் போகவில்லை. பலகையின் கடைசி வரி என் இடக் கண்ணுக்கு இன்றுவரை வந்ததில்லை.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்கும் அதே கண். பள்ளிச் சேர்க்கைக்கு முன்பே சோதித்துக் கண்டுபிடித்துவிட்டோம். அவள் கண்ணை மூடும் பட்டைகளில் யானையும் விண்கலமும் அச்சிட்டிருக்கிறது. தோலை உரிப்பதில்லை, எண்ணெயும் வேண்டாம். எட்டு வயது கடந்தாலும் பலன் உண்டு என்கிறார்கள் இப்போதைய மருத்துவர்கள். இந்தக் கோடையில் பட்டையோடுதான் அவளை நெல்லைக்குக் கூட்டிப்போனேன். பெரியம்மையின் பேரப் பிள்ளைகள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

ஞாயிறு காலைகளில் அப்பா பேத்தியை ராஷ்பிஹாரிக்கு அழைத்துப் போகிறார், நானும் போகிறேன். டிராம்கள் அந்தச் சாலையை விட்டுப் போய்விட்டன, தண்டவாளத்தைத் தார் மூடிவிட்டது. மருந்துக் கடை இருக்கிறது. சேலைக் கடை செல்பேசிக் கடையாகிவிட்டது. இனிப்புக் கடை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடம். பழக்கத்தால் வலக் கண்ணை மூடிப் பார்க்கிறேன், அதன் பெயர் எனக்கு இடக் கண்ணில் நன்றாகவே தெரிகிறது.

போன வாரம் பஸ் ஒன்று வந்தது. "நம்பர் சொல்லு" என்றார் அப்பா. மகள் யானைப் பட்டையோடு கழுத்தை நீட்டுவதற்குள் அது எங்களைத் தாண்டிவிட்டது.

"போயிட்டு தாத்தா. ஏன் நிக்கல?"

"அது அப்பிடித்தான்" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி. "அடுத்தது வரட்டும். இன்னும் ஒரே ஒரு வண்டி."