கடையாணி பார்த்த வண்டிக்காரர்

வில்லியனூர் பிரெஞ்சு சர்க்கார் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் கரும்பு வண்டிக்காரர். மதகுக் கதவு மாதிரி மார்பு. அடிக்கடி எழுந்துபோய், வெளியே நின்ற தன் வண்டியின் கடையாணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

டாக்டர் கதவைத் திறந்ததும் வண்டிக்காரர் எல்லோர் காதிலும் விழவே சொன்னார்: "ஆணி கெட்டியாத்தான் கீதுங்க. ஆனாலும் சக்கரம் கழண்டுடுமோன்னு நெஞ்சு அடிச்சிக்கினே கீது. இதுக்கு வைத்தியம் கீதா?"

பெஞ்சே சிரித்தது. நானும்தான். டாக்டர் அவரை உள்ளே அழைத்து வெகுநேரம் பேசவிட்டார்.

என் முறை வந்தது. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் என் கையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. வயிற்றுவலி என்றேன்.

என் ஊரான பாகூருக்குத் திரும்ப, அந்த வண்டிக்காரரே என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் நான்தான் குனிந்து குனிந்து கடையாணியைப் பார்த்தேன். அவர் வண்டியை நிறுத்தினார்.

"எறங்கித் தொட்டுப் பாத்துட்டு வாபா. நான் சிரிக்கமாட்டேன்."

இறங்கினேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.